மாமியார் ஹிட்டாச்சி

சுபாஷிணியால் பெயர் வைக்காமல் ஒரு பொருளோடும் பழக முடியாது. பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு மாட்டுப்பெண்ணாக வந்த முதல் வாரத்திலேயே புக்ககத்து மிக்ஸிக்குப் பாகவதர் என்று பெயர் வைத்துவிட்டாள். சுவிட்சைப் போட்டவுடன் அரைக்காமல் கொஞ்ச நேரம் சுருதி சேர்த்துக்கொண்டு நிற்கும் என்பது காரணம். பிரிட்ஜுக்கு ஜட்ஜ். பகலெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு, யாரும் எதிர்பாராத நேரத்தில் ஒரு கனைப்புக் கனைக்கும். மாடிப்படியில் ஒரு படிக்குக்கூடப் பெயர் இருந்தது. அதை மாமியார் காதில் விழும்படி சொல்ல முடியாது.

இப்படிப் பொருள்களைப் பற்றி ஓயாமல் யோசிக்கிறவள், மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். "எங்காத்து சுபா தங்கமாக்கும். ஒருத்தரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லமாட்டா" என்று மாமியார் லோகாம்பாள் கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லாததெல்லாம் எங்கே போகிறது என்று அவள் விசாரித்ததில்லை.

அரண்மனைக்குப் பின்னால் நெருக்கமான தெருவில் அவர்கள் வீடு. சுபாஷிணியின் கணவன் சிவசங்கரன் பஜாரில் ஒரு சுக்கு மண்டியில் கணக்குப் பார்த்தான். மாமனார் காலமாகிவிட்டார். அவருடைய தம்பி பிச்சுமணி, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், மாடி அறையில் இருந்தார். நாத்தனார் ஸுப்ரியாவும் அவள் கணவர் வெங்கிடராமனும் இரண்டு தெரு தள்ளித் தனிக்குடித்தனம். தனிக்குடித்தனம் என்பது தூங்குவதற்கு மட்டும்தான். மற்றபடி காபி, சாப்பாடு, சண்டை எல்லாம் இங்கேயே.

சுபாஷிணி தினமும் படகு ஏறி எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் காக்கநாட்டில் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். கட்டட வேலைக்கு மண் தோண்டுவதைத் திட்டமிடும் மென்பொருளை அந்தக் கம்பெனி எழுதிக்கொண்டிருந்தது. எந்த மூலையில் தோண்டத் தொடங்குவது, மண் அள்ளும் ஒரு ஹிட்டாச்சி இயந்திரத்துக்கு எத்தனை டிப்பர் வேண்டும், அள்ளிய மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, மழை வந்தால் யார் நிற்பது, யார் போவது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துச் சொல்லும். சுபாஷிணி தன் வாழ்நாளில் ஒரு ரோஜாச்செடி வைப்பதற்குமேல் மண்ணைத் தோண்டியதில்லை. கம்பெனியில் மற்றவர்களுக்கு அந்த அனுபவமும் கிடையாது.

அவளுடைய மேலதிகாரி கேசவ், கோயமுத்தூர்க்காரன், அவளைவிட நாலைந்து வயது சின்னவன். முதல் நாள் அவன் வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு விளக்கினான்.

"இதை வரிசையா இதைச் செய், அதைச் செய்னு எழுதப்போறதில்லீங்க. ஒவ்வொரு வண்டியும் ஒரு பொருள். தன்னால என்ன முடியும், என்ன முடியாது, யாருக்காகக் காத்திருக்கணும்னு அதுக்கே தெரியும். நாம வெளிய இருந்து ஏவ வேண்டாம். ஒண்ணையொண்ணு கேட்டுக்கிட்டு அதுங்களே வேலையை நடத்திக்கும்."

"ஓ, கூட்டுக் குடும்பம்" என்றாள் சுபாஷிணி.

கேசவ் கொஞ்சம் யோசித்தான். "கிட்டத்தட்ட" என்றான்.

அந்த ஒரு சொல்லை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் படகில் உட்கார்ந்து ஹிட்டாச்சியின் குணங்களை நினைத்துக்கொண்டு வந்தாள். நின்ற இடத்தில் நிற்கும். இடுப்புக்கு மேலே மட்டும் ஒரு சுற்றுச் சுற்றும். கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதையெல்லாம் அள்ளும். வீட்டுக்குள் நுழைந்தால், லோகாம்பாள் சமையலறை நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்காமலே இந்தப் பக்கம் திரும்பிப் புளி டப்பாவை எடுத்து, அந்தப் பக்கம் திரும்பி அடுப்பைத் தணித்து, பின்பக்கம் திரும்பிப் பூனையை விரட்டிக்கொண்டிருந்தாள். சுபாஷிணி கைப்பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தாள்.

மறுநாள் மென்பொருளில் முதல் ஹிட்டாச்சிக்கு லோகாம்பாள் என்று பெயர் விழுந்தது.

அப்புறம் தடை ஏது? ஏற்றியதைச் சுமந்துகொண்டு போய்விட்டு, திரும்பி வந்து, மறுபடி ஏற்றுகிறவரைக்கும் முணுமுணுக்காமல் நிற்கும் டிப்பருக்குச் சிவசங்கரன். சமன் செய்த இடத்தின்மேலேயே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும் ரோடு ரோலருக்கு, துறைமுகத்துக் கதையை முந்நூறு தடவை சொல்லியிருக்கும் பிச்சுமணி. முன்னால் ஒரு வாளியும் பின்னால் ஒரு வாளியும் உள்ள ஜேசிபிக்கு நாத்தனார் ஸுப்ரியா. அதற்குக் காரணம் அவள் எழுதவில்லை. ஊகிக்கலாம். புழுதி கிளம்பிய இடத்துக்குப் போய்த் தண்ணீர் தெளித்து அடக்கும் லாரிக்கு வெங்கிடராமன். அந்த வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் நடுவில் புகுந்து "போட்டும், போட்டும்" என்று சொல்வதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வேலை இருந்ததில்லை.

மண்ணைப் பற்றிய பாடம்கூட அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. பூமிக்குள் இருக்கும்வரை ஒரு படி. வெளியே அள்ளிவிட்டால் பொங்கி ஒன்றேகால் படி. "குடும்ப விஷயமும் அப்படித்தானே" என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரே இடத்தில்தான் கேசவோடு தகராறு வந்தது. இந்த மாதிரி மென்பொருளில் தாய் வகை, பிள்ளை வகை என்று உண்டு. தாய்க்கு உள்ளதெல்லாம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும். சுபாஷிணி டிப்பரை ஹிட்டாச்சியின் பிள்ளையாகப் போட்டிருந்தாள்.

"தப்புங்க" என்றான் கேசவ். "ரெண்டும் வண்டிங்கிற ஒரே தாய்க்குப் பொறந்தது. டிப்பருக்கு ஹிட்டாச்சி அம்மா கிடையாது."

"குணமெல்லாம் அங்கேருந்துதானே வருது?"

"எந்தக் குணம்?"

சுபாஷிணி திருத்திக்கொடுத்தாள். மனசுக்குள் ஒப்புக்கொள்ளவில்லை.

மென்பொருளின் கடைசிப் பகுதி, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முதல் நாள் சாயங்காலமே போனில் செய்தி அனுப்புவது. யார் எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று அவரவர் மொழியில் போகும். சோதனைக்கு நிஜமான போன் நம்பர்கள் வேண்டியிருந்தன. சுபாஷிணி தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஐந்து நம்பர்களைப் போட்டாள். மொழி தமிழ். செய்தி போகாமல் இருக்க ஒரு பூட்டும் போட்டுவைத்தாள். வேலை தொடங்கும்போது நிஜ ஓட்டுநர்களின் பெயரும் நம்பரும் உள்ள வேறொரு தொகுப்பைத் திறக்கவேண்டும், அவ்வளவுதான்.

முதல் வாடிக்கையாளர் கிடைத்தார். குரியச்சன் என்கிற காண்டிராக்டர். கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கை இடித்துவிட்டு ஓட்டல் கட்டுகிறார். அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டி, மண்ணை இடக்கொச்சியில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். சுபாஷிணி சோதனைக்கு எடுத்துக்கொண்டதும் அதே மனையைத்தான். வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவள் பஸ் பிடிக்கக் கிளம்பிய பிறகு, கேசவ் குரியச்சனை உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினான். முதலில் கண்ணில் பட்ட தொகுப்பைத் திறந்தான். பூட்டு குறுக்கே வந்தது. அதை எடுத்துவிட்டான். "இப்பப் பாருங்க சேட்டா" என்று பொத்தானை அமுக்கினான்.

ஐந்து செய்திகளும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. மென்பொருளில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து வீட்டில் நடந்தது சுபாஷிணிக்குப் பிற்பாடு சிவசங்கரன் சொல்லித்தான் தெரியும். எல்லாரும் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து போனும் ஒன்றாக மணியடித்தன. அனுப்பியது 'சுபா ஆபீஸ்' என்று எல்லார் போனிலும் பதிந்திருந்த நம்பர். லோகாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"லோகாம்பாள், நாளைக் காலை எட்டு மணிக்குக் கொச்சங்காடி மனையின் வடகிழக்கு மூலைக்கு வரவும். எண்ணெய் பார்த்துக்கொண்டு வரவும். முதல் மண்ணை நீங்கள் அள்ளவும்."

மற்றவர்கள் காபியைக் கீழே வைத்தார்கள்.

"வடகிழக்குன்னா ஈசான மூலையாக்கும்" என்றாள் லோகாம்பாள். "ஈசான மூலையிலே முதல் மண் எதுக்கு அள்ளுவா? எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு வரணும்னு வேற சொல்லியிருக்கா. பூமி பூஜை. மனை வாங்கியாச்சு."

"ஆரு வாங்கினா?" என்றான் சிவசங்கரன்.

"உன் ஆத்துக்காரி."

"எங்கிட்ட சொல்லலையே."

"உங்கிட்ட சொன்னா பஜார் முழுக்கச் சொல்லுவாய். அதான் சொல்லலை."

வெங்கிடராமன் தன் போனைப் பார்த்தார். "எனக்கு ஜலம் நெறச்சுண்டு வரச் சொல்லியிருக்கு. தேவைப்பட்ட எடத்துல தெளிக்கணுமாம்."

"பின்னே? புண்யாகவாசனம் பண்ணாம பூமி பூஜையா? மாப்ளைக்கு நல்ல மரியாதையாக்கும் கொடுத்திருக்கா."

"நான் கடைசியிலே வந்து முன்னும் பின்னுமா எட்டுத் தடவை போணுமாம், மன்னி" என்றார் பிச்சுமணி.

"பிரதட்சிணம்."

"பின்னாலே போற பிரதட்சிணம் உண்டோ?"

"வாஸ்துவிலே இருக்கும். போ."

"அம்மாவுக்கு எடப்பக்கம் நிக்கணுமாம். ஏத்தினதும் எடக்கொச்சிக்குப் போணுமாம்" என்றான் சிவசங்கரன். "என்னத்தை ஏத்தறது?"

"விளக்கு ஏத்தறதுடா."

"எடக்கொச்சிக்கு எதுக்கு?"

இதற்கு மட்டும் லோகாம்பாளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "அங்கே ஏதாவது கோவில்ல வேண்டிண்டிருப்பா" என்று முடித்துவிட்டாள்.

ஸுப்ரியா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த செய்தி இது: "ஸுப்ரியா, முன்னால் அள்ளவும், பின்னால் தோண்டவும். லோகாம்பாள் சுற்றும் எல்லைக்குள் வரவேண்டாம்."

"அம்மா கிட்டக்க நான் வரப்படாதாம்" என்றாள். "பாத்தேளா? வீடு கட்டறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு."

"போட்டும், போட்டும்" என்றார் வெங்கிடராமன்.

லோகாம்பாள் கட்டளை போட்டாள். சுபா வந்ததும் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறாள், குழந்தை மனசு நோகக்கூடாது.

சுபாஷிணி வீட்டுக்கு வந்தபோது மாமியார் வாசலுக்கே வந்து கைப்பையை வாங்கிக்கொண்டாள். இந்தப் பதினொரு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் இரண்டு முழு அப்பளம். பிச்சுமணி துறைமுகத்துக் கதையைத் தொடங்கவில்லை. ஸுப்ரியா அவளைப் பார்ப்பதும், பெருமூச்சு விடுவதும், பார்ப்பதுமாக இருந்தாள்.

"நாளைக்கு ஏதாவது விசேஷமோ?" என்று சிவசங்கரன் மெதுவாகக் கேட்டான்.

"கொச்சங்காடியிலே வேலை தொடங்கறா. ஏழு மணிக்கே போணும்."

"ஈசான மூலையிலேருந்துதானே?"

அவன் தன் வேலையைப் பற்றி இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறான் என்று சுபாஷிணிக்குச் சந்தோஷமாக இருந்தது. "ஆமா. அந்தப் பக்கம்தான் வண்டி வரதுக்கு வழியிருக்கு" என்றாள்.

"ரொம்ப நல்லது" என்றான் சிவசங்கரன், தன் அப்பளத்தையும் அவள் தட்டில் வைத்து.

காலையில் ஸ்கூட்டரில் கொச்சங்காடிக்குப் போனாள். மனையில் மஞ்சள் நிற ஹிட்டாச்சி கையை மடக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. டிப்பர்கள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் எல்லாரும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ராமர், தென்காசிப் பக்கத்துக்காரர், எழுந்து வந்தார்.

"மெசேஜ் வந்தாத்தான் வண்டி எடுக்கணும்னு சார் சொன்னாரு மேடம். ஒருத்தருக்கும் வரல. அதான் உக்காந்திருக்கோம்."

"போச்சே. நன்னாப் பார்த்தேளா?"

"போன்ல சார்ஜ் தீர்ற அளவுக்குப் பாத்தாச்சு."

சுபாஷிணி கேசவைக் கூப்பிட்டாள். அனுப்பியதாகத்தான் அவன் சொன்னான். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், ஐந்து பேரும் படித்துவிட்டதாகவும், திரையிலேயே தெரிவதாகவும் சொன்னான்.

"எந்த அஞ்சு பேர்?" என்று கேட்டாள் சுபாஷிணி. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

மனை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து லோகாம்பாள், அரக்கு மடிசாரில், தலையில் எண்ணெய்க் குளியலின் ஈரத்தோடு, தேங்காயும் வெற்றிலையும் வைத்த தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே வேஷ்டி மடித்துக் கட்டிய பிச்சுமணி. அடுத்த ஆட்டோவில் ஸுப்ரியா. அவளுக்குப் பக்கத்தில், மடியில் ஒரு பெரிய செம்புக் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெங்கிடராமன். குடத்தில் மாவிலைக் கொத்து. சிவசங்கரன் மண்டிக்கு லீவு போட்டுவிட்டு அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து மதிலோரம் நின்றுகொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் வந்து, அவளுக்கு இடப்பக்கமாக நின்றான்.

"எடம் சின்னதா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள் லோகாம்பாள், மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு. "இவ்வளவு பெரிசா, கொழந்தை?"

சுபாஷிணி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வழக்கமாகவே அவளுக்கு வராது. அன்று வேண்டும் என்று முயற்சி செய்தும் வரவில்லை.

"ஈசான மூலை எது?" என்று லோகாம்பாள் ராமரைக் கேட்டாள்.

"அந்தா இருக்குல்லா அம்மா, ஹிட்டாச்சி நிக்கே" என்றார் ராமர். பூஜைத் தாம்பாளத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். அவரைப் பார்த்து ஓட்டுநர்களும் கழற்றினார்கள். யாரோ கொட்டகையிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள். பிச்சுமணிக்கு மந்திரம் பாதிதான் தெரியும். அந்தப் பாதியையே திரும்பத் திரும்பச் சொன்னார். வெங்கிடராமன் மாவிலையால் நாலு பக்கமும் தண்ணீர் தெளித்தார். லோகாம்பாள் குனிந்து கையால் ஒரு பிடி மண்ணை அள்ளிச் சிவசங்கரன் வேஷ்டி மடியில் போட்டாள். விளக்கு ஏற்றினாள். சிவசங்கரன் மடியில் மண்ணோடு இடக்கொச்சிக்குக் கிளம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

அப்போதுதான் கேசவும் காண்டிராக்டர் குரியச்சனும் காரில் வந்து இறங்கினார்கள்.

குரியச்சன் விளக்கைப் பார்த்தார். மடிசாரைப் பார்த்தார். கேசவின் பக்கம் திரும்பினார். "இதும் உண்டோ நிங்ஙள்ட பேக்கேஜில்?"

கேசவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் விற்பனை வேலை பார்த்துப் பழகியவன். "உண்டு சேட்டா" என்றான்.

"கொள்ளாம்" என்றார் குரியச்சன், நன்றாயிருக்கிறது என்று தலையை ஆட்டி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து பாதிரியாரையும் வரவழைத்து ஜபம் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தாராம்.

எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் தகரக் கொட்டகையில் ஒரு பெரிய திரை மாட்டியிருந்தார்கள். கேசவ் அதைப் போட்டான். மனையின் படம் வந்தது. படத்தின்மேல் குட்டிக் குட்டி வண்டிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழில் எழுத்து. கொச்சியில் இவ்வளவு தமிழை ஒரே இடத்தில் பார்த்து ராமருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

"லோகாம்பாள். ஹிட்டாச்சி. நின்ற இடத்தில் நின்று சுற்றும். எட்டியதை எல்லாம் அள்ளும். எரிபொருள் அதிகம். சத்தம் அதிகம்."

சுபாஷிணி ஹிட்டாச்சிக்குப் பின்னால் போய் நிற்கலாமா என்று யோசித்தாள்.

"பிச்சுமணி. ரோலர். ஒரே இடத்தின்மேல் திரும்பத் திரும்பப் போகும். எதிரே இருப்பது தட்டையாகும்வரை நிற்காது. ஸுப்ரியா. ஜேசிபி. இரண்டு பக்கமும் வேலை செய்யும். வெங்கிடராமன். தண்ணீர் லாரி. புழுதி கிளம்பினால் தெளிக்கும். மற்றபடி சும்மா இருக்கும். சிவசங்கரன். டிப்பர். லோகாம்பாள் ஏற்றி முடிக்கும்வரை நகராது." ராமர் திரும்பினார். "ஆருங்க மேடம் இவுகல்லாம்? நம்ம ஆப்பரேட்டர் பேரு ஒண்ணுகூட இல்லியே."

ஆட்டோக்காரர்கூடக் கிளம்பாமல் நின்றார்.

"ரெண்டு பக்கமும் வேலை செய்யறதா?" என்றாள் ஸுப்ரியா. "நானா? எப்ப செஞ்சேன்? மாசிக் கல்யாணத்திலே நடந்ததை அம்மாகிட்ட நான் சொல்லவே இல்லையே. சித்தப்பாகிட்டதானே சொன்னேன்."

"மன்னி என்னைப் பத்திச் சொன்னதையாக்கும் நீ எங்கிட்ட சொன்னது" என்றார் பிச்சுமணி.

"அப்போ நீ எங்கிட்ட வந்து சொன்னது பிச்சுமணி சொன்னதோ?" என்றாள் லோகாம்பாள் மகளைப் பார்த்து.

புழுதி கிளம்பிவிட்டது. வெங்கிடராமனின் கை தானாகக் குடத்துக்குள் போயிற்று. மாவிலையை எடுத்து மூன்று பேர் மேலும் தெளித்து, "போட்டும், போட்டும்" என்றார். கேசவ் திரையைப் பார்த்தான், வெங்கிடராமனைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். சுபாஷிணியின் எழுத்துமேல் அவனுக்கு அன்று ஏற்பட்ட மரியாதை பிறகு குறையவே இல்லை.

லோகாம்பாள் மடிசாரை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனாள். கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"இதிலே ஆரு பெரிசு?"

சுபாஷிணிக்குக் கேள்வி விளங்கவில்லை. "என்ன பெரிசும்மா?"

"அள்ளறதிலே. நானா, ஸுப்ரியாவா?"

"நீங்கதான். ஜேசிபியெல்லாம் கிட்ட வரமுடியாது."

"நான் இல்லைன்னா வேலை நடக்குமோ?"

"நடக்காது. நீங்க நின்னா எல்லாரும் நிப்பா."

லோகாம்பாள் நிமிர்ந்தாள். ஹிட்டாச்சியை முதன்முறையாக நன்றாகப் பார்த்தாள், சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே. "மோசமில்லை" என்றாள். பிறகு குரல் மாறியது. "நீ எங்கே?"

"நானா?"

"எல்லாரும் இருக்கோம். குடும்பத்திலே நீ என்ன வண்டி?"

"நான் இல்லேம்மா."

"ஏன் இல்லை? நீ இந்தாத்து மனுஷி இல்லையா? பதினொரு வருஷமா எங்காத்துல இருந்துண்டு, எங்களையெல்லாம் ஏத்திட்டு நீ மட்டும் வெளியே நின்னா என்ன அர்த்தம்?" ஹிட்டாச்சி என்று சொன்னதற்கு வராத கோபம் இதற்கு வந்துவிட்டது.

பிச்சுமணி தாடையைச் சொறிந்துகொண்டு உதவிக்கு வந்தார். "மன்னி, நான் சொல்றேன். நம்ம எல்லாரும் சேர்ந்து அள்ளறோம், தோண்டறோம், அமுக்கறோம். ஆரை? அவ மண்ணாக்கும்."

சிவசங்கரன் சட்டென்று மனைவியின் முகத்தைப் பார்த்தான். சுபாஷிணி எங்கேயோ பார்த்தாள்.

"மண்ணாங்கட்டி" என்றாள் லோகாம்பாள். "பிச்சுமணி, நீ பேசாம இரு."

மனை தங்களுடையது இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் அவர்களுக்குச் சொல்ல முடிந்தது. லோகாம்பாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூஜை பண்ணியது வீண்போகாது, யார் வீடாயிருந்தால் என்ன என்றாள். சிவசங்கரனுக்கு உள்ளூர நிம்மதி. மடியில் இருந்த மண்ணை அங்கேயே உதறிவிட்டான். ஆனால் அன்று சாயங்காலம், யாரும் ஏற்றாமலே, தானாகப் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்தான். வாங்கிவந்ததை அம்மாவிடம் கொடுக்காமல் நேரே சுபாஷிணியிடம் கொடுத்தான். டிப்பரைப் பற்றி எழுதியதில் ஒரு வரியை அவள் மாற்றவேண்டி வந்தது.

மறுநாள் கேசவ் ஓட்டுநர்களின் பெயர்களைப் போட்டுச் செய்தி அனுப்பினான். ஒரு வாரம் ஓடியது. பிறகு ஓட்டுநர்களே ராமரிடம் வந்து பழைய பெயர்களே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். "லோகாம்பாள் ரெடி, சிவசங்கரன் பின்னால வரலாம்" என்று ஒருவரையொருவர் கூப்பிடுவது அவர்களுக்குப் பிடித்துப்போயிருந்தது. லோகாம்பாள் கோவிலுக்குப் போகிற வழியைக் கொச்சங்காடிப் பக்கமாக மாற்றிக்கொண்டாள். மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பாள். ஹிட்டாச்சியின் கண்ணாடி அழுக்காக இருந்தால் ஓட்டுநர் விக்கியைக் கூப்பிட்டுக் கண்டிப்பாள். "துடைச்சு வெச்சுக்கோடா, நாலு பேர் பாக்கறா."

பள்ளம் ஆள் உயரம் ஆனபோது அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. காயலோரத்து ஊர். எங்கே தோண்டினாலும் அப்படித்தான். காக்கநாட்டின் மேட்டில் உட்கார்ந்து எழுதிய மென்பொருளுக்கு அது தெரியாது. பள்ளம் காய்ந்து கிடப்பதாகவே நினைத்துக்கொண்டு லோகாம்பாளை இறங்கி அள்ளச் சொல்லிக்கொண்டிருந்தது. அவசரமாக மோட்டார் பம்பு ஒன்றைச் சேர்க்கவேண்டி வந்தது. மூலையில் உட்கார்ந்து, ஓயாமல் சன்னமாக முனகிக்கொண்டு, எல்லாருடைய காலுக்கடியிலும் சேருகிறதை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அது நின்றால் மற்ற ஐந்தும் மூழ்கிப்போகும். பெயர் என்ன வைக்க என்று கேசவ் கேட்டான். சுபாஷிணி தன் பெயரைத் தட்டினாள். வீட்டில் காட்டியபோது எல்லாரும் பார்த்தார்கள். "முனகறதுதான் சரியா இருக்கு" என்றாள் ஸுப்ரியா. அவளுடைய ஜேசிபியை அந்த வாரம் புல்டோசராக உயர்த்தியிருந்தார்கள். அதனால் நல்ல மனநிலையில் இருந்தாள்.

விஷயம் பாலக்காடு போகாமல் இருக்குமா? ஒருநாள் சுபாஷிணி அலுவலகத்தில் இருக்கும்போது அவள் அம்மா போனில் கூப்பிட்டாள். நலம் விசாரித்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தாள்.

"புக்காத்து மனுஷாளையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கியாமே. பெத்தவா ஞாபகம் வரலையோ?"

"அது மண் அள்ளற வண்டிம்மா."

"எதுவா இருந்தா என்ன? லோகாம்பாள் இருக்காளே."

சுபாஷிணி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கேசவ் பார்க்காதபோது ஒரு புதுக் கட்டத்தைத் திறந்தாள்.

"கிரேன் பரவாயில்லையாம்மா?"

"கிரேன்னா அந்த ஒசரமா இருக்குமே, அதுவா?"

"அதுதான்."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த ஹிட்டாச்சியைவிட ஒசரமோ?"

"ரொம்ப ஒசரம்."

"போடு" என்றாள் அம்மா.